இசட்டைக் கண்டு நடுங்கிய புரூஃப் பாய்

மேலப்பாளையத்திலேயே, ஏன், தாமிரபரணி பாயும் சீமை முழுவதிலுமே புரூஃப் பாயைப் போலப் பயந்த மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. பாம்புக்குப் பயப்படமாட்டார். கால்வாய்க்கரையில் இருந்த எங்கள் தெருவுக்குள் சாரை நுழைந்தால் துடைப்பத்தோடு முதலில் வருபவர் அவர்தான். போலீசுக்குப் பயமில்லை, ஊசிக்கும் பயமில்லை. அவர் நடுங்கியதெல்லாம் அச்சடித்த எழுத்துக்கு மட்டும்தான்.

அவருடைய நிஜப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஜாரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது வேலை. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டுவிழா மலர் என்று எது அச்சாவதற்கு முன்பும் அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் புரூஃப் பாய். தமிழ், ஆங்கிலம், அரபி மூன்றிலும் பிழை கண்டுபிடிப்பார். மூன்றுக்கும் சமமாகப் பயப்படுவார்.

பல்பொடிப் பாக்கெட்டை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். நான் ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என்னிடம் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போவார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் என்னென்ன ஆபத்து நேரலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அல்லவா, அதைப் படித்து முடிக்கும்போது உடம்பெல்லாம் வியர்த்துவிடும். வியர்த்ததில் காய்ச்சல் இறங்கிவிடும். மறுநாள் மாத்திரையைத் திருப்பிக்கொண்டு வந்து தருவார்.

இந்தப் பயம் பிறவியிலேயே வந்தது என்பது அவருடைய மனைவி மைமூன் லாத்தாவின் கருத்து. பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொல்வார்: “நிக்காஹ் அன்னைக்கு, மாப்ள சம்மதமான்னு ஹஜ்ரத் கேக்காவ. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? ‘பொறுங்க ஹஜ்ரத், கையெழுத்துப் போடுத தப்தர்ல பொண்ணு பேருல ஒரு எழுத்து கொறையுது’ன்னுட்டாவ. எங்க வாப்பாவுக்கு நெஞ்சு நின்னு போச்சு. ரெண்டு வீட்டு ஆளும் எந்திரிச்சு நின்னுட்டாவ.”

பாய் அதை மறுக்கமாட்டார். “தப்பான பேரக் கட்டிக்கிட்டு எப்படிக் காலந்தள்ள முடியும், தம்பி?” என்பார் என்னிடம்.

ஆனால் பயம் முற்றிப்போனதற்குக் காரணம் வேறு. ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘அனைவரும் வருக’ என்பது ‘அனைவரும் வருந்துக’ என்று அச்சாகி, நானூறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாய் கவனிக்காமல் விட்ட ஒரே பிழை. மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு, விலாசம் வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். பத்திரிகையைக் கேட்டு வாங்கி, நடுவிலிருந்த இரண்டு எழுத்தைச் சிவப்பில் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் திருத்த விடவில்லை. “இருக்கட்டும் பாய், அந்தக் குடும்பத்தப் பத்தி எங்களுக்குத் தெரியும்” என்றார்களாம்.

அதற்குப் பிறகு பொது இடத்தில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும் அதைப் படிக்காமல் கடக்க அவரால் முடியாது. படித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. மின்தடை அறிவிப்பு, வரி அறிவிப்பு, காணாமல் போன ஆட்டுக்கிடாய் பற்றிய அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி முகம் வெளுப்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பி பைக்கில் வருகிறேன். மின்கம்பத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் தாள். அதன் முன்னால் பாய், கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“தம்பி, நில்லு. வண்டிய ஓரமா நிறுத்து. பைய எறங்கு.”

“என்ன பாய்? ஷாக்கு கீக்கு அடிச்சிருச்சா?”

“அது அடிச்சிருந்தாத்தான் பரவால்லியே. நம்ம தெருவ இடிக்கப் போறாவ.”

தாளைப் படித்தேன். மாநகராட்சி அலுவலக முத்திரையோடு ஆங்கிலத்தில் இருந்தது. கால்வாய்ப் பாலத்திலிருந்து ரேஷன் கடை வரையிலான தெரு முழுவதும் முதல் கட்டத்தில் ‘ரெய்ஸ்’ செய்யப்படும், குடியிருப்போர் ஒத்துழைக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

“ரெய்ஸ்னா உயர்த்துறதுதான பாய்? ரோட்ட உயர்த்தப் போறாங்க. நல்லதுதான?”

பாய் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, உயர்த்துற ரெய்ஸு ஆர், ஏ, ஐ, எஸ், ஈ. இங்கன என்ன போட்டிருக்கு? ஆர், ஏ, இசட், ஈ. வாயில சொன்னா ரெண்டும் ஒண்ணுபோலதான் கேக்கும். ஒண்ணு தூக்கிவிடும். இன்னொண்ணு இருந்த எடம் தெரியாம ஆக்கிரும்.”

செல்போனை எடுத்து அந்த ஐந்தெழுத்தையும் போட்டுப் பார்த்தேன். உயர்த்து, எழுப்பு, தூக்கு என்று வந்தது. பிறகு ஐயையும் எஸ்ஸையும் எடுத்துவிட்டு அங்கே இசட் போட்டேன். ‘இடித்துத் தரைமட்டமாக்கு’ என்று வந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான். இருந்தாலும் தைரியமாக, “டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான் பாய்” என்றேன்.

“நானும் அதத்தான் முதல்ல நெனச்சேன். எஸ்ஸும் இசட்டும் கீபோர்டுல பக்கத்துப் பக்கத்துலதான் கெடக்கு. விரல் வழுக்கிருச்சுன்னே வச்சுக்கோ. அப்போ ஐ எங்க போச்சு? ஒரு எழுத்து வழுக்கும். ரெண்டு எழுத்தும் பேசி வச்சுக்கிட்டு வழுக்குமா?”

முப்பது வருடம் பிழை பார்த்தவரின் கேள்வி.

கால்வாய்க்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் வயிற்றின் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். பட்டா இருக்கும், வீட்டு வரி ரசீது இருக்கும், மின் இணைப்பு இருக்கும். ஆனாலும் நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த இடம் கால்வாயாக இருந்ததா கரையாக இருந்ததா என்று யாராவது ஒரு வரைபடத்தோடு வந்து நின்றுவிடுவார்களோ என்று இருக்கும். அதைப் பற்றி யாரும் வெளியே பேசமாட்டோம். அந்த ஒரு இசட் எல்லார் வயிற்றிலும் கிடந்ததைக் கிளறிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் தெருவின் வாட்ஸாப் குழுவில் அந்தத் தாளின் படம் எட்டுத் தடவை வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சுடலைமுத்து அண்ணன் மாடி கட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் எழும்பியிருந்தது. கொத்தனாரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, குழைத்த சிமெண்டுக்குப் பக்கத்தில் அது இறுகுவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். என் மனைவி வீட்டுப் பத்திரங்களையெல்லாம் எடுத்துப் பிரஷர் குக்கருக்குள் வைத்து மூடி, விசிலையும் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “என்ன இடிஞ்சு விழுந்தாலும் குக்கரு நசுங்காது” என்றாள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சமையலறைக்கு டைல்ஸ் போட்டிருந்தோம். அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மின் மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீடுகளில் மோர் வாங்கிக் குடிப்பவர்தான். அன்றைக்கு அவர் கையில் குறிப்பேட்டைப் பார்த்ததும் தெருவே வாசலுக்கு வந்து நின்று முறைத்தது. ஒரு வீட்டிலும் அவருக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. பாவம், பாதித் தெருவோடு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பாய், சுடலைமுத்து அண்ணன், நான் மூவரும் அந்தத் தாளை நகலெடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் ஓர் இளம்பெண். மேசை மேல் கோப்புகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்ததும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அய்யோ, இது உயர்த்துற ரெய்ஸுங்க! உங்க தெரு ரோட்ட ரெண்டு அடி உயர்த்திப் புதுசாப் போடப்போறோம். டைப்பிங் தப்பு. வீட்ட யாரு இடிக்கப் போறா?”

சுடலைமுத்து அண்ணன் அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “ஒரு எழுத்து என்னக் கொன்னு போட்டிருக்குமே, தாயி” என்றார். அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

பாய் மட்டும் விடவில்லை. “மேடம், திருத்தித் தந்திருங்க.”

பொறியாளர் பாயின் கையிலிருந்த நகலில் இசட்டை அடித்து மேலே ஐயும் எஸ்ஸும் எழுதினார்.

“பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டிருங்க. திருத்தம் செஞ்ச எடத்துல கையெழுத்து இல்லேன்னா அது செல்லாது.”

போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் சுடலைமுத்து அண்ணன் எங்கள் இருவருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கொத்தனாருக்கு அங்கிருந்தே போன் போட்டார். தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது கல்யாண வீட்டுக்காரர்களை வரவேற்பதுபோல வரவேற்றார்கள். பாய் மட்டும் வழி நெடுக வீட்டு வாசல்படிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பரோட்டாவைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் பார்த்தால் தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்போடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து அளந்துகொண்டிருக்கிறார். என் வீட்டு வாசலில் அளந்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் முதல் நாளைவிட மோசமாக வெளுத்திருந்தது.

“தம்பி, இப்பத்தான் நெசமாவே பயமா இருக்கு.”

“இன்னும் என்ன பாய்? அதான் எழுதியே வாங்கிட்டமே.”

“நம்ம வீட்டு வாசப்படியெல்லாம் ரோட்டுலேருந்து ஒண்ணேகால் அடி ஒசரம். ரோட்ட ரெண்டு அடி தூக்கிட்டா? முக்கால் அடிப் பள்ளத்துல நாம கெடப்போம். கார்த்திகையில கால்வா பொங்குனா தண்ணி எங்க போவும்? இசட் வந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும், தம்பி. இது வருசா வருசம் வந்து முக்கும்.”

நான் என் வாசல்படியைப் பார்த்தேன். அவர் சொன்னது கணக்காக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு பயத்திலிருந்து வெளியே வந்திருக்கிறோம், இன்னொன்றுக்குள் இறங்க யாருக்கும் தெம்பில்லை. சுடலைமுத்து அண்ணன் மாடியிலிருந்தே கத்தினார்: “வே பாய்! இசட்டுன்னாலும் பயப்படுதீரு, எஸ்ஸுன்னாலும் பயப்படுதீரு. உமக்கு எந்த எழுத்துத்தாம்வே பிடிக்கும்?”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் காலை எட்டு மணிக்குப் பொக்லைனும் இரண்டு ஜல்லி லாரியும் வந்தன. உயர்த்தத்தான் வந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மஞ்சள் நிறக் கை தெருமுனையில் திரும்பியபோது எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்துவிட்டோம். என் மனைவி குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

பொக்லைன் நாலு வீடு தாண்டியிருக்கும். பாய் கட்டம்போட்ட சாரமும் பனியனுமாகத் தெருவின் நடுவில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். அவர் கால் நடுங்குவதில் சாரம் காற்றடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது.

“யோவ் பெருசு, ஓரமாப் போ!” என்று ஒப்பந்தக்காரரின் ஆள் கத்தினான்.

“போமாட்டேன். மேடத்த வரச் சொல்லும்.”

“இஞ்சேருங்க, உள்ள வாங்க!” என்று மைமூன் லாத்தா வாசலிலிருந்து அலறினார். “ரப்பே, இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு? நிக்கக்கூட முடியல, போயி மெஷினு முன்னால நிக்காவளே!”

டிரைவர் பயமுறுத்துவதற்காகப் பொக்லைனின் கையை லேசாகத் தூக்கினான். பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் நகரவில்லை. அதுவரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் ஒரு மாத்திரைக் காகிதத்துக்கு வியர்ப்பவர். போய் அவர் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து அண்ணனும் இறங்கி வந்தார். “சவம், நானும் நிக்கேன்” என்றார்.

அரைமணி நேரத்தில் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். “என்ன பாய் இது? அன்னைக்கே திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தேனே?”

பாய் கையிலிருந்த தாளை நீட்டினார். “மேடம், நீங்க திருத்துனது என் காப்பிய. ஆபீஸ் கோப்புல இருக்கது, கம்பத்துல ஒட்டுனது, ஒப்பந்தக்காரருக்குக் குடுத்தது எல்லாத்துலயும் இன்னும் இசட்டுதான் இருக்கு. இந்தா, கம்பத்துலேருந்து பைய உரிச்சு வச்சிருக்கேன்.”

“சரி பாய், அதுக்கு இப்ப என்ன?”

“அந்த இசட்டுதான் சரி, மேடம். அதுபடியே செய்யுங்க.”

சுடலைமுத்து அண்ணன் என் கையைக் கிள்ளினார். “ஏல, இவரு நம்ம வீட்ட இடிக்கச் சொல்லுதாரா?”

“நல்லாப் படிச்சுப் பாருங்க, மேடம்,” என்றார் பாய். “தெருன்னுதான் போட்டிருக்கு. வீடுன்னு போடல. தெருவத் தரைமட்டமாக்குங்க. பழைய ரோட்டச் சுரண்டி எடுத்திட்டு, அதே மட்டத்துல புதுசு போடுங்க. தூக்காதீங்க. தூக்கினா நாங்க முங்கிப் போயிருவோம்.”

பாய் பொறியாளரைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். இன்ச் டேப்பை வாசல்படியில் பிடித்து, புது ரோடு எது வரைக்கும் வரும் என்று கதவு நிலையில் விரல் வைத்துக் காட்டினார். அது மைமூன் லாத்தா உட்கார்ந்து பீடி சுற்றும் பலகையைவிட உயரத்தில் இருந்தது. பொறியாளர் கூடத்தின் நடுவில் நின்று அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்க வீடும் இப்படித்தான் பள்ளமாப் போச்சு, பாய்,” என்றார் மெதுவாக. “மழைன்னா அம்மா கட்டில் மேல ஏறி உக்காந்துக்கிடுவாங்க. நான் வேலைக்கு வந்திருவேன்.”

வெளியே வந்து யாருக்கோ போன் பேசினார். பிறகு வேறு யாருக்கோ பேசினார். தெருமுனை வரைக்கும் நடந்துபோய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நாங்கள் இரண்டு மணி நேரம் பொக்லைனின் நிழலில் நின்றோம். மைமூன் லாத்தா டிரைவர் உட்பட எல்லாருக்கும் கடுங்காப்பி கொடுத்தார். கடைசியில் பொறியாளர் திரும்பி வந்து ஒப்பந்தக்காரரின் ஆளிடம், “பழைய ரோட்ட முழுசா எடுத்திட்டுப் போடுங்க. மட்டம் மாறக்கூடாது” என்றார். பாயைப் பார்த்து, “இதையும் எழுத்துல தாரேன். இந்தத் தடவ நீங்களே புரூஃப் பாத்திருங்க” என்றார்.

பாய் அப்போதுதான் உட்கார்ந்தார். நாலு நாள் காய்ச்சல். அந்த முறை மாத்திரையைப் படிக்காமலே விழுங்கினார் என்று லாத்தா ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் வந்த மழையைத் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ஆறும் கால்வாயும் ஒன்றாகிப் போயின. முன்னமே ரோட்டை உயர்த்தியிருந்த பக்கத்துத் தெருவில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெருவிலும் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு மணிக்கும் ஏறியது. நாங்கள் ஆளுக்கொரு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அப்படியொரு பயம் நான் பட்டதில்லை. அது வாசல்படிக்கு மூன்று விரல் கீழே வந்து நின்றது. நின்றுவிட்டதை நம்ப முடியாமல் இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு பைய இறங்கியது. சுடலைமுத்து அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தெருவைக் கடந்துபோய், பாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது பாயும் லாத்தாவும் காயல்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மருமகன் துபாயில், மகளுக்குத் துணை வேண்டும் என்று போனார்கள். அங்கேயும் எல்லாக் கம்பத்தையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாராம். ஆனால் டிவியில் நெல்லைக்கு மழை என்று சொல்லிவிட்டால் போதும், என் போன் அடிக்கும்.

“தம்பி, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

பெரும்பாலும் வெறும் தூறல்தான் இருக்கும். கடையில் கூட்டமாக இருந்தால்கூட நான் பைக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், அவர் வீட்டு வாசல்வரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.